வேண்டாமென்று அடித்த அத்தியாயம்

எனக்கு முன்கோபம் அதிகம் என்று பதுளைக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொய் சொல்வான் என்று மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள். துணிக்கடை பலீல் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மேல் விசாரணை கிடையாது. அந்த நல்ல பெயர்தான் என் தங்கை முஹ்ஸினாவுக்கு வினையாக வந்தது.

அவளுடைய புருஷன் ஸலீம் துணி மூட்டை தூக்கித் தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் விற்கிறவன். ஒரு வாரம் ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் கூலியாட்கள் குடியிருக்கும் லயங்கள், அடுத்த வாரம் பெரகலைக்குக் கீழே. கெட்டவன் இல்லை, வாய் அதிகம், கவலை குறைவு. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து ஆறாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டுப் பெரகலைப் பக்கம் கிளம்பினான். பெரகலைச் சந்திக் கடைக்காரர் அவன் தேத்தண்ணி குடித்ததைப் பார்த்திருக்கிறார். வெல்லவாயப் பாதையில் இறங்கிப் போனதையும் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர் இல்லை. காய்ச்சலில் போய்விட்டான் என்றார்கள், யானை அடித்திருக்கும் என்றார்கள், அம்பாந்தோட்டையில் தோணி ஏறிவிட்டான் என்று ஒருவர் சத்தியமே செய்தார். நான் ஒரு வருஷம் கடையைப் பாதி நாள் பூட்டிப் போட்டுவிட்டு அலைந்தேன். மையித்தும் கிடைக்கவில்லை, மூட்டையும் கிடைக்கவில்லை.

அவன் காணாமல்போன மூன்றாம் மாதம் ஒரு பொய் சொன்னேன். அஸர் தொழுகை முடிந்து பள்ளி முற்றத்தில் நாலு பேர் நின்றோம். பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்கார், நல்ல மனுஷர், அக்கறையோடுதான் கேட்டார், தங்கச்சி சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாள் என்று. அவர் கேட்ட விதத்தில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் என் காதில் வேறு விதமாக விழுந்தது. கட்டினவளுக்கு ஒரு படி அரிசிகூட வைக்காமல் ஒருவன் ஓடிவிட்டான் என்றால், அவளிடம் என்ன குறையோ என்றுதானே ஊர் பேசும்? எங்கள் வாப்பா அந்தத் தெருவில் முப்பது வருஷம் தலைநிமிர்ந்து நடந்த மனுஷர். எனக்குச் சுருக்கென்று வந்தது. மச்சான் வெறுங்கையாக விட்டுவிட்டுப் போகவில்லை, அஞ்சு கட்டுத் துணியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார், அதை விற்று அவளுக்கு வேண்டியதைக் கொடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அஞ்சு கட்டும் இல்லை, அரைக்கட்டும் இல்லை. அவன் என்னிடம் விட்டுப்போனது ஒன்றுமே கிடையாது.

சொன்ன பிறகு அதைக் காப்பாற்றவேண்டி இருந்தது. மாதா மாதம் அரிசியும் சாமானும் அவள் வீட்டுக்குப் போகும்போது, இது மச்சானுடைய பங்கு என்று சொல்லித்தான் கொடுத்தேன். பெருநாளுக்குச் சேலையும் அப்படித்தான். என் மனைவி காமிலாவுக்கும் அதையே சொன்னேன். அவளுக்குத் தெரிந்தால் கடைத்தெருவுக்கே தெரியும். அஞ்சு கட்டு எப்படி இவ்வளவு நாள் வருகிறது என்று அவள் ஒரு தடவை கேட்டதற்கு, வியாபாரத்தில் போட்டுப் பெருக்குகிறேன் என்று ஒரு அதட்டுப் போட்டேன். பொய்யைக் கெட்டியாகக் கட்டுவதில் நான் கெட்டிக்காரன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. முஹ்ஸினா மட்டும் அந்தச் சேலைகளைத் தடவித் தடவிப் பார்ப்பாள். எனக்குச் சங்கடமாக இருக்கும். அதையும் சீக்கிரம் பழகிக்கொண்டேன்.

ஆறு வருஷம் போனபின், பண்டாரவளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் அஸீஸ் ஆள் அனுப்பினான். பெண்சாதி மவுத்தாகி இரண்டு வருஷம், இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். நிதானமான ஆள், தராசைக்கூடக் கையால் தட்டமாட்டான். முஹ்ஸினா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அஸீஸின் உம்மா அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டு தடவை எங்கள் வீட்டில் தங்கினார். சின்னவள் முஹ்ஸினாவின் மடியை விட்டு இறங்கவில்லை. அவர்கள் போன மறுநாள் முஹ்ஸினா, அண்ணனான என்னை நானா என்று கூப்பிட்டு, மார்க்கக் கிதாபு இடம் கொடுத்தால் தனக்குச் சம்மதம், இல்லாவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம் என்றாள். கிதாபு இடம் கொடுக்கும் என்று நான் வாக்குக் கொடுத்தேன். எந்தக் கிதாபு, எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. வாக்குக் கொடுப்பதில் மட்டும் குறை வைக்கவில்லை. அஸீஸ் வீட்டார் ஹஜ்ஜுப் பெருநாள் வரை பொறுப்பதாகச் சொன்னார்கள். அதற்கு எட்டு மாதம் இருந்தது.

அலவி ஆலிமிடம் போனேன். பள்ளிக்குப் பின்னால் சின்ன வீட்டில் தனியாக இருந்தார். கடல் தாண்டிக் காயல்பட்டினத்தில் பதினோரு வருஷம் மார்க்கம் ஓதிவிட்டு வந்தவர். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. அந்த நிதானம்தான் எனக்கு ஆகாது. காணாமல்போனவனின் பெண்சாதி மறுபடி நிக்காஹ் செய்யலாமா என்று கிதாபில் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் கிதாபை எடுக்கவில்லை. ஒரு பெரிய தாளை எடுத்து, கோல் வைத்துக் கோடு போட ஆரம்பித்தார். தேடுவதற்கு முன்னால் எப்படித் தேடப்போகிறோம் என்று எழுதவேண்டுமாம்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கடையில் ஒருவன் வேட்டி கேட்டால் நான் கோடு போட்டுக்கொண்டா இருப்பேன் என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வழி எழுதாமல் தேடுகிறவன் தனக்கு வேண்டியது கண்ணில் பட்டதும் நின்றுவிடுவான், வேண்டாததைப் புரட்டிப் போய்விடுவான், அது தேடுவது ஆகாது என்றார். கேள்வியை ஒரே வரியில் எழுதுவதற்கே மூன்று நாள் எடுத்தார். பிறகு அந்த விஷயத்தைக் கிதாபுகள் எந்தெந்தப் பெயரில் சொல்லும் என்று ஒரு வரிசை: காணாமல்போனவன், செய்தி அறுந்தவன், கப்பல் உடைந்தவன், சிறைப்பட்டவன். அடுத்து எந்தெந்த அத்தியாயம்: புருஷன் போனபின் பெண் காத்திருக்கும் இத்தா, சொத்துப் பங்கு, சாட்சியம், நபகா. காணாமல்போன புருஷனைப் பற்றி நிக்காஹ் அத்தியாயத்தில் தேடுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை, பாதி விஷயம் சொத்துப் பங்கில்தான் இருக்கும் என்றார். அதற்கடுத்து ஊவா மாகாணத்தில் யார் யார் வீட்டில் என்னென்ன கிதாபு இருக்கிறது, கடிதம் எழுதிக் கேட்கவேண்டிய ஆலிம்கள் யார், எதைச் சேர்ப்பது, எதை விடுவது. காதால் கேட்ட கதை வேண்டாம். முதல் ஏடு கிழிந்து, எழுதியவர் பெயர் தெரியாத கிதாபு வேண்டாம். ஒவ்வொரு இடத்தையும் இரண்டு பேர் பார்க்கவேண்டும். இரண்டாவது ஆள் நான்.

அந்தத் தாள் முடிகிற அன்று அஸருக்குப் பிறகு மரைக்காரும் இன்னும் இரண்டு பேரும் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அலவி ஆலிம் நபகா என்ற வரியில் எழுதுகோலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நபகா என்றால் புருஷன் பெண்சாதிக்குக் கொடுக்கவேண்டிய சாப்பாடு, துணி, இருப்பிடம்.

"ஸலீம் தம்பி சாப்பாட்டுக்கு ஏதும் வெச்சிட்டுப் போனாரா? அது தெரியணும்" என்றார்.

நான் அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்றுவரை நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் அதுதான். ஆனால் மரைக்கார் பக்கத்தில் இருக்கிறார். ஆறு வருஷம் நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியவர் இருக்கிறார். நான் வாயைத் திறக்குமுன்னே அவரே, அதெல்லாம் குறை வைக்கவில்லை, அஞ்சு கட்டுத் துணி விட்டுப்போனார், பலீல் ஒரு சல்லி பிசகாமல் பார்த்துக்கொடுக்கிறார் என்று எனக்காகப் பெருமைப்பட்டார். நான் ஆமாம் என்றேன். அலவி ஆலிம் நபகா என்ற சொல்லின்மேல் ஒரு கோடு இழுத்தார். புருஷன் வைத்துவிட்டுப் போனவனாக இருந்தால் அந்த அத்தியாயத்தில் நமக்கு வேலை இல்லை, ஒரு மாத உழைப்பு மிச்சம் என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, வேலை குறைந்ததே என்று.

தேட ஆரம்பித்தோம். எனக்கு அரபு எழுத்து வாசிக்க வரும், அர்த்தம் வராது. அது போதும் என்றார். நாலு சொற்களை ஒரு துண்டுத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்து, அந்த உருவம் எங்கே கண்ணில் பட்டாலும் குச்சி வைக்கச் சொன்னார். காலையில் கடை திறக்குமுன் இரண்டு மணி நேரம், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். கிதாபு என்றால் நடுவில் ஒரு எழுத்து, அதைச் சுற்றி விளக்கம், அந்த விளக்கத்துக்கு விளக்கம் ஓரத்தில் சாய்வாக, தலைகீழாக, வளைந்து வளைந்து. சில நாள் கிதாபைச் சுற்றிச் சுற்றி என் கழுத்து பிடித்துக்கொண்டது. துணியில் இழை அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் கண் எனக்கு உண்டு, அதை வைத்துத்தான் ஓட்டினேன். பார்த்த ஒவ்வொரு கிதாபுக்கும் நேரே அவர் எழுதுவார். ஒன்றும் கிடைக்காவிட்டால் இல்லை என்று எழுதுவார். அந்த வரிசையில் இல்லை இல்லை என்று இறங்கிக்கொண்டே போனது.

பண்டாரவளையில் இன்னொரு வியாபாரி வீட்டில் மூன்று பெரிய கிதாபுகள் இருந்தன. ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றது. அங்கிருந்து பதுளைக்கு மாட்டு வண்டிதான். எங்கள் துணிக்கட்டுகளை ஏற்றிவரும் கந்தப்பன் வண்டியிலேயே கிதாபுகளையும் ஏற்றிவரச் சொன்னேன். கந்தப்பன் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து ஆள், கேட்காமல் இருக்கமாட்டார். எதற்கு இவ்வளவு கனமான புஸ்தகம் என்று கேட்டார். சொன்னேன். அவர் மாட்டைத் தட்டிக்கொடுத்தார்.

"எங்க லயத்துலயா இருந்தா, பெரியவங்க நாலு பேரு கூடிப் பேசி முடிச்சிருப்பாங்க மொதலாளி. ஆறு வருசமா ஒரு பொண்ணு ஒக்காந்திருக்கில்ல?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அது கந்தப்பன் மேல் இல்லை என்பது அப்போதே தெரியும். அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிதாபுகளைச் சுமந்துகொண்டு உள்ளே போனேன்.

மூன்றாம் மாதம் நான் குச்சி வைத்த ஒரு ஓரக்குறிப்பை அலவி ஆலிம் நெடுநேரம் வாசித்தார். நாலு வருஷம் காத்திருந்து, பிறகு நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்துவிட்டு அவள் நிக்காஹ் செய்யலாம் என்று அதில் இருந்தது. நான் எழுந்தே விட்டேன். நாலு எங்கே, ஆறு வருஷமாகிவிட்டதே, அஸீஸுக்குத் தந்தி அடிக்கவா என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அது நாங்கள் பின்பற்றும் மத்ஹபு இமாமின் பழைய சொல், பிறகு அவரே அதை விட்டுவிட்டார், புதிய சொல்லின்படி மவுத்து உறுதியாகும்வரை அவள் இன்னும் அவன் பெண்சாதிதான் என்றார். பழைய சொல் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக நான் அதோடு கிதாபை மூட ஏலாது என்றார். நான் அவரைக் கல் நெஞ்சுக்காரர் என்று திட்டிவிட்டு வந்தேன். மூன்று நாள் போகவில்லை. நாலாம் நாள் போனபோது, என் பங்கைத் தானே இரண்டாம் தடவையும் பார்த்து முடித்திருந்தார். கண்கள் சிவந்து கிடந்தன.

கடிதங்கள் ஏழு போயின. பேருவளை, காலி, காயல்பட்டினம், கீழக்கரை, இன்னும் மூன்று இடம். ஒவ்வொன்றிலும் கேள்வியை எழுதி, நாங்கள் தேடிய வழியையும் அந்தத் தாளில் உள்ளபடியே அவர் எழுதினார். நபகா அத்தியாயத்தை ஏன் விட்டோம் என்பதும் அதில் இருந்தது: புருஷன் பொருள் வைத்துச் சென்றுள்ளார், பெண்ணின் தமையன் சாட்சி. ஏழு கடிதத்திலும் என் பெயர். பதில்கள் ஒன்றொன்றாக வந்தன. எல்லாம் ஒரே பதில். பொறுமையாக இருக்கட்டும், அல்லாஹ் கூலி தருவான். முஹ்ஸினா ஒவ்வொரு தபாலுக்கும் வாசலில் வந்து நிற்பாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். எனக்குத்தான் அடுப்படி வரை பின்னால் போய் இன்னும் மூன்று வரவேண்டும், இன்னும் இரண்டு வரவேண்டும் என்று சொல்லத் தோன்றும்.

ஏழாவது பதில் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது கடல் தாண்டி வந்தது. வயதான ஒரு ஆலிம் நடுங்கும் கையால் எழுதியிருந்தார். அலவி ஆலிம் அதை அரபில் ஒரு தடவை வாசித்துவிட்டு எனக்குத் தமிழில் சொன்னார். உங்கள் தேடல் நேர்த்தியாக இருக்கிறது, நீங்கள் சொன்ன அத்தியாயங்களில் வழி இல்லை என்பது சரி. நபகா அத்தியாயத்தை விட்டிருக்கிறீர்கள். செய்தி அறுந்த புருஷன் ஒன்றும் வைக்காமல் போயிருந்தால், அந்தப் பெண்ணை நிக்காஹிலிருந்து விடுவிக்கப் பிந்திய ஆலிம்கள் சிலர் அங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறார்கள். மற்றவர் தயவில் அவள் சாப்பிட்டிருந்தாலும் அந்த வாசல் அடைபடாது. உங்கள் ஆள் வைத்துவிட்டுப் போனவர் என்கிறீர்கள், ஆகவே இது உங்களுக்கு உதவாது. பெண்ணுக்காக துஆ செய்கிறேன்.

அலவி ஆலிம் கடிதத்தை மடித்தார். பாவம், இது நமக்குப் பொருந்தாதே என்று என்னைப் பார்த்து வருத்தப்பட்டார். நான் பாயில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சொன்னேன், அஞ்சு கட்டு என்று ஒன்று கிடையாது என்று. அவருக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னேன். அவன் ஒன்றும் வைக்கவில்லை, ஆறு வருஷமும் என் கடைச் சாமான், மானத்துக்காகச் சொன்னேன்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து போய் அந்தப் பெரிய தாளை எடுத்துவந்து, கோடு இழுத்த சொல்லுக்குப் பக்கத்தில் மறுபடியும் நபகா என்று எழுதினார். முதல் கிதாபிலிருந்து மறுபடி தொடங்கி எட்டு நாள் தேடினார். நான் கூப்பிடாமலே போய் அவருக்கு எதிரே உட்கார்ந்து குச்சி வைத்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு கிதாபிலும் ஏதாவது இருந்தது. வாசல் இருக்கிறது, உள்ளே போக இரண்டு வேண்டும் என்றார் எட்டாம் நாள். அவன் ஒன்றும் வைக்கவில்லை என்று நேர்மையான இரண்டு ஆண்கள் சாட்சி சொல்லவேண்டும். பிறகு பெண் சத்தியம் செய்யவேண்டும்.

இரண்டு சாட்சிக்கு எங்கே போவேன்? பொய் சொல்லும்போது நான் யாரையும் கூட்டு வைத்துக்கொள்ளவில்லை. காமிலாவுக்கே தெரியாது. கடைத்தெருவில் ஐம்பது பேர் வந்து சாட்சி சொல்வார்கள், அஞ்சு கட்டு இருந்தது என்று. பலீல் சொல்லக் கேட்டோம் என்று.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிப் பெரியவர்கள் முன்னால் போய் நின்றேன். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். மரைக்கார் குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பலீல், ஆறு வருஷமா இதே பாயில இருந்துதான் வெச்சிட்டுப் போனார்னு சொன்னீங்க. இப்ப மாப்பிள்ள வந்திருக்கிற நேரம் இப்பிடிச் சொல்றீங்க. நான் எதை நம்புறது?" என்றார்.

நான் இதுதான் உண்மை என்றேன். அவர் அதற்குச் சொன்னதும் நியாயம்தான். அன்று சொன்னது பொய்யாக இருந்தாலும் சரி, இன்று சொல்வது பொய்யாக இருந்தாலும் சரி, பொய் சொன்னவன் சாட்சி செல்லாது. என் கடையில் கணக்குப் பார்க்கலாமே என்றேன். மச்சான் ஒப்படைத்ததைக் கடை ஏட்டிலா எழுதுவார்கள், ஏட்டில் இல்லாததால் வரவில்லை என்று ஆகுமா என்று ஒருவர் கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் நின்றேன்.

அலவி ஆலிம்தான் இன்னும் இரண்டு வாரம் கேட்டார். ராப்பகலாகத் தேடி, ஒரு கிதாபின் ஓரத்தில், சாட்சிக்கு வழியே இல்லாத இடத்தில் பெண்ணின் சத்தியத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்று ஒரு ஆலிம் எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தார். பலமில்லாத சொல்தான், ஆனாலும் இரக்கத்துக்கு இடம் உண்டு என்று பெரியவர்களிடம் வாதாடினார். என் தங்கையின் குணத்தை ஊர் அறியும். அவள் குர்ஆனைத் தொட்டு, என் புருஷன் எனக்கு ஒன்றும் வைக்கவில்லை, அவரிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை என்று சொன்னால் ஏற்றுக்கொள்வதாக மரைக்கார் ஒப்புக்கொண்டார். பெருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. அஸீஸுக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே பண்டாரவளையிலிருந்து வந்து பள்ளியில் உட்கார்ந்துவிட்டான்.

முஹ்ஸினாவிடம் அதுவரை நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கிதாபில் வழி கிடைக்கப்போகிறது என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். அன்று காலை அவள் வீட்டுக்குப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், பள்ளி முற்றத்தில் மரைக்கார் கேட்டதிலிருந்து அந்த அஞ்சு கட்டு வரைக்கும். சொல்லி முடிந்ததும், வா, சத்தியம் செய்தால் எல்லாம் முடிந்தது, அஸீஸ் காத்துக்கொண்டிருக்கிறான் என்றேன்.

அவள் அழவில்லை. சுளகில் கிடந்த அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள்.

"என்னை நெனச்சி வெச்சிட்டுப் போனார்னுதான் நான் ஆறு வருஷமா காத்துட்டு இருந்தேன், நானா" என்றாள்.

தெரியும் என்றேன். மன்னித்துவிடு என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அப்பவும் நீங்க இப்பிடித்தான் என் மொகத்தப் பாத்துச் சொன்னீங்க. கண்ணுல தண்ணிகூட வந்திச்சி. இப்பவும் அப்பிடித்தான் சொல்றீங்க. நான் நிக்காஹ் செய்யணும்னு எனக்காக இதச் சொல்றீங்களோ என்னமோ."

சத்தியமாக இல்லை என்றேன். அல்லாஹ் மேல் ஆணை என்றேன். அவள் என் கையைத் தொட்டு நிறுத்தினாள். அவள் கோபமாக இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அவர் வெச்சாரா வெக்கலியா எண்டு எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்டுக்குக் குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்ய எனக்கு ஏலா நானா."

நான் கெஞ்சினேன். அஸீஸின் சின்ன மகளைச் சொன்னேன். அவள் இருபத்துநாலு வயதைச் சொன்னேன். அவள் தலையை அசைத்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பிள்ளையைச் சொன்னபோது மட்டும் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

பள்ளிக்குத் திரும்பிப்போய் அவள் சொன்னதைச் சொன்னேன். மரைக்கார் என் வார்த்தையை எடுக்கவில்லை. வயதான இரண்டு பேரை அவள் வீட்டுக்கு அனுப்பித் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுவரச் சொன்னார். அவர்கள் போய்வந்து அதையே சொன்னார்கள். அலவி ஆலிம் கிதாபுகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். பண்டாரவளைக்குத் திருப்பி அனுப்பவேண்டியவை.

அஸீஸ் வாசல்வரை என்னோடு வந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு ஸலாம் சொன்னான். இரண்டு அடி போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"கோவிக்காதீங்க மச்சான். உண்மையில அவர் ஒண்டும் வெக்கலியா?" என்று கேட்டான்.

ஒன்றும் வைக்கவில்லை என்றேன். அவன் தலையாட்டினான். நம்பித் தலையாட்டினானா, என் மனம் நோகக்கூடாது என்று தலையாட்டினானா, தெரியவில்லை. வண்டிப் பேட்டைப் பக்கம் நடந்து போனான்.